இணையத்தைத் துண்டித்துவிட்டு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன்

கேம்களை டிஸ்க்காகவும் கார்ட்ரிட்ஜாகவும் வாங்கி அடுக்கிவைக்கும் ரகம் நான். "எல்லாமே டவுன்லோடுக்கு வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இந்த டப்பாக்கள்?" என்று யார் கேட்டாலும், "நாளைக்கு ஆன்லைன் கடையை மூடினாலும் என் கேம் என்னிடம் இருக்கும்" என்பேன். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அலமாரியில் இருப்பவற்றில் எத்தனை கேமுக்கு அந்தப் பேச்சு பொருந்தும் என்று ஒருமுறை பார்த்துவிட நினைத்தேன். ரவுட்டரை அணைத்தேன். கன்சோல்களில் ஏற்கெனவே பதிந்திருந்த கேம்களை அழித்தேன் (சேவ் ஃபைல்களைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டுதான்). அப்புறம் பழையதில் தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒரே மூச்சில் முடிகிற வேலையில்லை, பல வார இறுதிகளைத் தின்றது.

பழைய கார்ட்ரிட்ஜ்கள் எந்தக் கேள்வியும் கேட்காமல் ஓடின. பிளேஸ்டேஷன் 2 காலத்து டிவிடிகளும் அப்படித்தான். கீறல் விழுந்த சிலவற்றைத் தவிர மற்றதெல்லாம் போட்ட கையோடு தலைப்புத் திரைக்கு வந்துவிட்டன. பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) தலைமுறையில் கதை மாறுகிறது. டிஸ்க்கில் உள்ளது முதலில் ஹார்ட் டிஸ்க்கில் பதிகிறது, அப்புறம் ஓடுகிறது. ஆனால் ஓடுவது வெளியான நாளில் இருந்த 1.00 பதிப்பு. பின்னால் வந்த திருத்தங்கள் எதுவும் அதில் கிடையாது. இன்றைய தலைமுறைக்கு வந்தால் ஒவ்வொரு டப்பாவும் ஒவ்வொரு விதம். சில முழுசாக ஓடின. ஒன்று முதல் அத்தியாயம் முடிந்ததும் மீதியைப் பதிவிறக்கச் சொல்லி நின்றுவிட்டது. இன்னொன்று 'சர்வருடன் இணைகிறது' என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது தனி ஆளாக மட்டும் ஆடும் கேம்!

இத்தனை காலமும் டிஸ்க் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்துகொண்டிருந்திருக்கிறது. கேமைச் சுமப்பது ஒன்று. 'இவருக்கு இதை ஆட அனுமதி உண்டு' என்று கன்சோலிடம் சொல்வது இன்னொன்று. இரண்டும் ஒரே பொருளில் இருந்ததால் நமக்குப் பிரித்துப் பார்க்கத் தேவையே வரவில்லை. இப்போது சுமக்கிற வேலை மெல்ல மெல்ல டிஸ்க்கை விட்டுப் போகிறது, அனுமதிச் சீட்டு மட்டும் மிஞ்சுகிறது. டிஸ்க் ஒழியுமா ஒழியாதா என்று சண்டை போடுகிறார்கள். என் கையில் இருப்பது இந்த இரண்டில் எந்த வேலையைச் செய்கிறது என்பதுதான் எனக்கு இப்போது முதல் கேள்வி.

சுமக்கிற வேலை ஏன் போனது? இடம் போதவில்லை என்பது பாதிக் காரணம்தான். இடப் பிரச்சினை அன்றிலிருந்தே இருக்கிறது. 1996-இல் வந்த நின்டெண்டோ 64-இன் கார்ட்ரிட்ஜில் அதிகபட்சம் 64 எம்பிதான் அடங்கியது. அதே காலத்துப் பிளேஸ்டேஷனின் சிடியில் சுமார் 650 எம்பி. ஸ்கொயர் நிறுவனம் 1997-இல் ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐப் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் 3 சிடிகளில் வெளியிட்டதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். ஆனால் கார்ட்ரிட்ஜில் காத்திருப்பே இல்லை, சிடியில் 'லோடிங்' திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வேகமானது சிறியதாகவும் விலை கூடியதாகவும் இருக்கும், பெரியது மலிவாகவும் மெதுவாகவும் இருக்கும். இந்த இழுபறி வெகுகாலம் நீடித்தது.

இப்போது இழுபறியில் வேகம் ஒரேயடியாக ஜெயித்துவிட்டது. பிஎஸ்4-இன் ப்ளூ-ரே டிரைவ் நொடிக்குச் சுமார் 27 எம்பி படிக்கும். பிஎஸ்5-க்குள் இருக்கும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிரைவ்) நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். கிட்டத்தட்ட 200 மடங்கு வித்தியாசம். அந்த வேகத்தை நம்பித்தான் இன்றைய கேம்களையே வடிவமைக்கிறார்கள். நாயகன் ஓட ஓட முன்னால் இருக்கும் உலகம் எஸ்எஸ்டியிலிருந்து வந்து விழுந்துகொண்டே இருக்க வேண்டும். டிஸ்க்கிலிருந்து நேராக ஓட்டினால் தெருமுனையில் நின்றுவிடுவான். எனவே டிஸ்க், கேமை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும் வண்டியாகிவிட்டது. இதில் யாருடைய சதியும் இல்லை, பொறியியல்தான். பிஎஸ்5 படிக்கும் ப்ளூ-ரேயில் 100 ஜிபி வரை அடங்கும் என்பதால் வண்டியும் இன்னும் கொஞ்சம் காலம் தாங்கும். போதாவிட்டால் 2018-இல் பிஎஸ்4-க்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போல, பதிவதற்கு ஒன்று, ஆடுவதற்கு ஒன்று என்று 2 டிஸ்க் கொடுக்கலாம்.

கார்ட்ரிட்ஜின் இன்றைய வடிவமான கேம் கார்டு பக்கம் நிலைமை வேறு. ஒரு டிஸ்க் என்பது அச்சில் அழுத்தி எடுத்த பிளாஸ்டிக். அதில் எவ்வளவு நிரப்பினாலும் செலவு பெரிதாக ஏறாது. கேம் கார்டில் நினைவகச் சிப் இருக்கிறது. கொள்ளளவு கூடக் கூட ஒவ்வொரு பிரதிக்கும் செலவு ஏறும். பதிப்பாளர் அங்கேதான் கை வைப்பார். 2025 ஜூன் 5-இல் வந்த நின்டெண்டோவின் சுவிட்ச் 2 கன்சோலின் 'கேம்-கீ கார்டு' இந்தக் கணக்கில் பிறந்ததுதான். பார்க்கச் சாதாரணக் கார்டு மாதிரியே இருக்கும், உள்ளே கேம் இருக்காது. செருகினால் நின்டெண்டோவின் சர்வரிலிருந்து கேமை முழுசாக இறக்க வேண்டும். முதல்முறை திறக்கும்போது இணையம் வேண்டும், பிறகு இணையம் வேண்டாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் கார்டைச் செருகியிருக்க வேண்டும். சாவி நம்மிடம், வீடு அவர்களிடம்.

இதைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான தீர்ப்பு விமர்சகர்களிடமிருந்து வரவில்லை. ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து டப்பாவில் விற்கப்படும் கேம்களையும் புத்தகங்களைப் போலவே சேகரித்துவருகிறது. கீ கார்டைச் சேர்ப்பீர்களா என்று கேட்டதற்கு, அது தன்னளவில் உள்ளடக்கம் ஆகாது, எனவே சேகரிப்பில் வராது என்று 2025-இல் பதில் சொன்னார்கள். நூலகருக்குச் சண்டையில் பங்கில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார், அவ்வளவுதான்.

அதற்காகக் கீ கார்டை ஒரேயடியாகத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அதை நண்பனுக்குக் கொடுக்கலாம், ஆடி முடித்து விற்கலாம். டப்பாவுக்குள் வெறும் டவுன்லோட் கோடு அச்சடித்த சீட்டை வைத்து விற்கிறார்களே, அதில் இதுவும் கிடையாது. ஒருவர் பயன்படுத்தியதும் அந்தச் சீட்டு குப்பை. மேலும், கேமை முழுசாகக் கார்டில் தர முடியாது என்றும் இல்லை. சைபர்பங்க் 2077 எவ்வளவு பெரிய கேம்! அதைச் சுவிட்ச் 2-க்கு 64 ஜிபி கார்டில் முழுசாகவே கொடுத்தார்கள். மனம் இருந்தால் வழி உண்டு, செலவும் உண்டு.

டிஸ்க்கே சாவியாக மாறுவது சுவிட்ச் 2-க்கு முன்பே நடந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கை எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலோ சீரிஸ் எக்ஸிலோ போட்டால், டிஸ்க்கில் உள்ளது ஓடாது. புதிய கன்சோலுக்கு ஏற்ப மாற்றிய பிரதி இணையத்திலிருந்து இறங்கும், டிஸ்க் அனுமதிக்கு மட்டும். பழைய கேம் நல்ல தெளிவில் ஓடுகிறது என்பதால் எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதே டிஸ்க் பழைய 360-இல் கேமாகவும் புதிய பெட்டியில் சாவியாகவும் இருக்கிறது. என் டிஸ்க் என்ன வேலை செய்கிறது என்பது எதில் போடுகிறேன் என்பதையும் பொறுத்தது. பழைய கன்சோலை விற்றுவிட்டு 'டிஸ்க்தான் இருக்கிறதே' என்று இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். கணினியில் ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் பழைய கதை. 2004-இல் ஹாஃப்-லைஃப் 2-ஐ டப்பாவில் வாங்கியவர்களே ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் கணக்குத் தொடங்காமல் ஆட முடியவில்லை.

அடுத்தது டிரைவ். இதை நான் வெகுகாலம் கணக்கிலேயே எடுக்கவில்லை. டிஸ்க் பத்திரமாக இருந்தால் போதுமா, படிக்க ஆள் வேண்டாமா? 2009-இல் சோனி வெளியிட்ட 'பிஎஸ்பி கோ' என்ற கையடக்கக் கன்சோலில் யுஎம்டி (முந்தைய பிஎஸ்பிகளின் சின்ன டிஸ்க்) செருகும் இடமே இல்லை. கையில் இருந்த யுஎம்டிகளை அதற்குள் கொண்டுபோகப் பொதுவான வழியும் தரவில்லை. 2020-இல் பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸும் டிரைவ் இல்லாமல் வந்தன. 2023-இல் பிஎஸ்5-இன் டிரைவ் கழற்றி மாட்டும் உறுப்பாயிற்று. 2024 நவம்பரில் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிரைவ் சேர்ந்தே வரவில்லை, வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அப்படி மாட்டும் டிரைவை ஒருமுறை இணையம் வழியாகக் கன்சோலுடன் பதிவு செய்தால்தான் வேலை செய்யும். பல பழைய கன்சோல்களிலும் டிரைவின் மின்பலகை தாய்ப்பலகையோடு ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும், வேறொரு கன்சோலின் டிரைவைப் பிடுங்கி மாட்டினால் கேம் ஓடாது.

அதனால் டிரைவைத் தனியாக வாங்கியிருப்பவர்கள் 'தேவைப்படும்போது மாட்டிக்கொள்ளலாம்' என்று டப்பாவிலேயே வைத்திருக்காதீர்கள். சர்வர் இருக்கும்போதே மாட்டி, பதிவு செய்து, ஒரு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அடிக்கடி டிஸ்க் போடாதவர்களும் அவ்வப்போது டிரைவை ஓட விடுவது நல்லது. நெடுநாள் சும்மா கிடந்தால் ரப்பர் பட்டையும் கிரீஸும் இறுகிப்போகும். பழைய கன்சோல்களில் தட்டு வெளியே வர மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கன்சோலுக்குள் இருக்கும் கடிகார பேட்டரியும் இதே ரகம்தான். பிஎஸ்4-இல் ஒரு காலத்தில், அந்தச் சின்ன பேட்டரி தீர்ந்து, சோனியின் இணைய சேவையோடும் தொடர்பு இல்லாவிட்டால், கேம்களே திறக்காத நிலை இருந்தது. டிஸ்க்கும் தப்பவில்லை. பலர் இதைச் சோதித்துக் காட்டிச் சத்தம் போட்டபிறகு, 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டில் சரியாயிற்று. உங்கள் பிஎஸ்4 பல வருடமாக இணையத்தைப் பார்க்காமல் கிடந்தால், அந்த அப்டேட்டை மட்டும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வரை நம்பி இருக்கும் கேம்களுக்கு இதெல்லாம் உதவாது. யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம் 2014-இல் டிஸ்க்கிலும் வந்தது. 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள், அத்தோடு தனியாகக் கார் ஓட்டுவதும் போயிற்று. 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் எழுந்ததே அதிலிருந்துதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. சோனியின் கான்கார்ட் இன்னும் வேகம்: 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியீடு, செப்டம்பர் 6-இல் நிறுத்தம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வரை நியாயம். அந்த டிஸ்க்கை இன்று வைத்திருப்பவரிடம் நல்ல அட்டைப்படம் இருக்கிறது.

அதனால் முழுக்க ஆன்லைனில் ஆடும் கேமை டிஸ்க்கில் வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன். அலமாரியில் இடம் அடைக்கிறது என்பதைத் தவிர அதனால் ஒரு பலனும் இல்லை.

வாங்குவதற்கு முன் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் டப்பாவின் முன்பக்க அடியிலும் பின்பக்கத்திலும் உள்ள பொடி எழுத்து. 'டவுன்லோட் தேவை' என்று எங்காவது இருக்கும். கீ கார்டு என்றால் முன்பக்கத்தின் கீழேயே பட்டையாகப் போட்டிருப்பார்கள். டிஸ்க் கேம் பெரும்பாலானவற்றில் பொடி எழுத்து எல்லாவற்றையும் சொல்லாது. அதற்கு 'டஸ் இட் ப்ளே' என்ற தன்னார்வலர் குழுவின் பட்டியல் இருக்கிறது. இணையம் இல்லாமல் டிஸ்க்கை மட்டும் வைத்துக் கடைசிவரை ஆட முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். வாங்கிய பிறகு நானும் ஒருமுறை இணையத்தைத் துண்டித்துப் பதிந்து பார்க்கிறேன். தலைப்புத் திரை வந்ததும் திருப்தியாகிவிடக் கூடாது. 'தொடங்கத் தயார்' என்று காட்டிவிட்டு மீதியைப் பின்னால் இறக்கும் கேம்கள் உண்டு. முதல் கட்டத்தைத் தாண்டி, முடிந்தால் சேவ் செய்து, வெளியே வந்து மறுபடி திறந்து பார்ப்பேன். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

வெளியான நாளில் வாங்குவதில்லை என்பது இன்னொரு பழக்கம். டிஸ்க் அச்சுக்குப் போனபிறகும் கேமைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள் என்பதால், முதல் அச்சில் இருப்பது பெரும்பாலும் அரைவேக்காடு. ஒன்றிரண்டு வருடம் பொறுத்தால் சில கேம்களுக்கு முழுப் பதிப்பு வரும், திருத்தங்களும் கூடுதல் கதைகளும் டிஸ்க்கிலேயே சேர்ந்திருக்கும். ஆனால் 'கம்ப்ளீட்' என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். அதே பழைய டிஸ்க், கூடுதல் பகுதிக்கு ஒரு கோடு சீட்டு என்று கொடுக்கிற கம்ப்ளீட்டும் உண்டு.

சரி, முழுசாகக் கேம் அடங்கிய டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜும் கையில் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவது தனிக் கலை. எல்லா டிஸ்க்கும் ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே அடுக்கு வேறு. சிடியில் தரவு இருப்பது மேல்பக்கம், லேபிளுக்குச் சற்றே கீழே. அடிப்பக்கக் கீறலைவிட லேபிள் பக்கக் கீறல்தான் சிடிக்கு எமன். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதும் பால்பாயின்ட் பேனாவால் எழுதுவதும் ஆபத்து. டிவிடியில் தரவு இரண்டு 0.6 மிமீ தகடுகளுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது. ப்ளூ-ரேயில் அடிப்பக்கத்திலிருந்து வெறும் 0.1 மிமீ ஆழத்தில், கெட்டியான பூச்சுக்குப் பின்னால். ஆகவே கீறல் நீக்கும் பாலிஷ் மெஷினில் சிடியையும் டிவிடியையும் கொடுக்கலாம், ப்ளூ-ரேயைக் கொடுத்தால் அந்தப் பூச்சும் போய் டிஸ்க்கும் போகும். பிஎஸ்2 கேம்களில் அடிப்பக்கம் நீலமாக இருப்பவை சிடிகள் என்பதையும் நினைவில் வையுங்கள், அவற்றின் லேபிள் பக்கத்துக்குக் கூடுதல் கவனம் வேண்டும். துடைப்பது எதுவானாலும் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால், விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், அதைத் திருத்திப் படிப்பது டிரைவுக்குக் கஷ்டம். டிஸ்க் சுழலும்போது கன்சோலை நகர்த்துவதும் கூடாது. வளையம் போட்டதுபோல் கீறல் விழும்.

என் சேகரிப்பில் ஒரு பழைய டிஸ்க் கீறலே இல்லாமல் ஓட மறுத்தது. பளிச்சென்ற விளக்குக்கு முன் பிடித்துப் பார்த்தபோது ஊசி குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளிகள். உள்ளே இருக்கும் அலுமினியப் படலம் ஆக்சிஜனேறி அரித்துப்போயிருக்கிறது. தயாரிப்பில் ஓரம் சரியாக மூடாமல் காற்றும் ஈரமும் புகுந்தால் இப்படி ஆகும், அதற்கு மருந்து கிடையாது. பழைய டிஸ்க்கை விலை கொடுத்து வாங்குபவர்கள் கீறலை மட்டும் பார்க்காமல் இந்த விளக்குச் சோதனையையும் செய்துவிடுங்கள். வைத்திருக்கும்போது ஈரமும் சூடும் படாத இடத்தில், அதன் டப்பாவிலேயே, புத்தகம்போல நிற்க வைத்தால் போதும்.

கார்ட்ரிட்ஜ் விஷயத்தில் நல்ல செய்தி முதலில். பழைய கார்ட்ரிட்ஜ்களின் மாஸ்க் ரோமில் (எழுதியதை மாற்ற முடியாத நினைவகச் சிப்) தரவு தயாரிப்பின்போதே சிப்பின் அமைப்பாகப் பதிந்துவிடுகிறது. கசிந்து போக மின்னூட்டம் எதுவும் அதில் கிடையாது. ஓடாத கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் பிரச்சினை முனைகளில் படிந்த அழுக்குதான். வாயால் ஊதினால் சரியாகும் என்பது குழந்தைப் பருவத்து நம்பிக்கை. கழற்றி மறுபடி செருகியதில்தான் சரியானது, ஊதிய மூச்சின் ஈரம் நாளடைவில் முனையை அரிக்கிறது. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தேய்த்து, நன்றாக உலரவிட்டுச் செருகுங்கள். (சுவிட்ச் கார்டுகளில் கசப்புப் பூச்சு இருக்கிறது, குழந்தைகள் வாயில் போடாமல் இருப்பதற்காக. கார்டைத் தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நீங்கள் பார்க்க வேண்டாம்.)

கெட்ட செய்தி, சேவ். அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் ஆட்டத்தைச் சேமித்து வைத்திருப்பது ஒரு நாணய பேட்டரியின் தயவில் உயிர்வாழும் நினைவகம். பேட்டரி தீர்ந்தால் கேம் ஓடும், சேவ் நிற்காது. போக்கிமான் கோல்டு, சில்வர் போல உள்ளே கடிகாரமும் ஓடும் கார்ட்ரிட்ஜ்களில் இன்னும் சீக்கிரம் தீரும். பேட்டரியை மாற்றலாம், சாலிடர் செய்ய வேண்டும். ஆனால் கழற்றிய நொடியில் பழைய சேவ் போய்விடும் என்பதால், கார்ட்ரிட்ஜ் ரீடர் ஒன்றை வைத்து முதலில் சேவ் ஃபைலைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றியபின் திருப்பி எழுதலாம். பேட்டரி முழுக்கத் தீர்வதற்கு முன் செய்தால்தான் எடுக்க ஏதாவது இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுக் காக்க வேண்டுமா என்று கேட்டால், கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கவே கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கண்டது. டிஜிட்டல் கடைகளும் சாசுவதமில்லை. நின்டெண்டோவின் வீ ஷாப் சானல் 2019 ஜனவரியில் மூடியது, 3டிஎஸ்-வீ யூ கடை 2023 மார்ச்சில், எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து, டிஜிட்டல் கடைகள் விற்பது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

டிஜிட்டல் என்றாலே கையை விட்டுப் போகும் என்றும் இல்லை. கணினிக் கேம்களுக்கு ஜிஓஜி போன்ற ஆன்லைன் கடைகளில் பூட்டு எதுவும் இல்லாத இன்ஸ்டாலரை இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதை நான் என் வகைப்பாட்டில் டிஸ்க்குக்கு மேலாகவே வைக்கிறேன். கேம் முழுசாக இருக்கிறது, திருத்தங்களோடு இருக்கிறது, யாரிடமும் அனுமதி கேட்காது. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி வைத்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹேஷ் (ஃபைல் மாறினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு எழுதிவைத்துக்கொண்டு, அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எஸ்எஸ்டியிலோ பென்டிரைவிலோ எழுதி டிராயரில் போட்டுவிடாதீர்கள். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் ஃபிளாஷ் நினைவகத்தின் மின்னூட்டம் கசியும். ப்ளூ-ரேயில் எழுதி வைக்கலாமே என்றால், எழுதும் ப்ளூ-ரேக்களின் தயாரிப்பைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. வேறு நிறுவனத்தாரின் டிஸ்க் கிடைக்கும்வரை சரி.

இனி எப்படிப் போகும்? பெரிய கேம்கள் முதலில் டிஸ்க்கைக் கைவிடும் என்று நினைக்கிறேன். 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் பலவற்றுக்கு அடிக்கடி அப்டேட் வருகிறது, டிஸ்க்கில் இருப்பது சீக்கிரமே பழசாகிவிடுகிறது. அங்கே டப்பா என்பது சாவி, கோடு, இல்லாவிட்டால் பரிசுப் பொருள். முழுக் கேமையும் சுமக்கும் கார்டும் டிஸ்க்கும் சின்னக் கேம்களில்தான் நிலைக்கும். சில ஜிபிக்குள் அடங்குவதால் மலிவுக் கார்டே போதும், பெரும்பாலானவற்றுக்குச் சர்வர் தேவையில்லை, முடித்துத் திருத்திய பிறகு நிதானமாக அச்சுக்கு அனுப்பலாம். 2015-இல் தொடங்கிய லிமிடெட் ரன் கேம்ஸ் போன்ற சிறு பதிப்பாளர்கள் இந்த வழியில்தான் போகிறார்கள். அளவோடு அச்சிடுவதால் விலை கூடுதல், மறு அச்சுக்கு உத்தரவாதமில்லை. முன்பு எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒன்று சேகரிப்பவர்களின் பொருளாகிறது. அது எனக்கு உவப்பாக இல்லை, ஆனாலும் ஒன்றும் இல்லாமல் போவதற்கு இது மேல்.

என் அலமாரியை இப்போது அதன்படி பிரித்துவிட்டேன். மேல் தட்டில் இணையமில்லாமல் முழுசாக ஓடுபவை. நடுவில், ஓடும் ஆனால் அப்டேட் இல்லாமல் ஆட முடியாத அளவுக்குக் கோளாறு உள்ளவை. அவற்றின் அப்டேட்டை இறக்கி, கேமைக் கன்சோலின் கூடுதல் ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்திருக்கிறேன், அழிப்பதில்லை. அது அந்தக் கன்சோலில் மட்டும்தான் ஓடும் என்பதால் கன்சோலும் நலமாக இருந்தாக வேண்டும். கீழ் தட்டில் சாவிகளும் ஆன்லைன் கேம்களும். கீழ் தட்டில் இருப்பதை ஆடி முடித்ததும் யாருக்காவது கொடுத்துவிடுகிறேன், அல்லது விற்றுவிடுகிறேன். சர்வர் ஓடும்வரைதான் அதற்கு மதிப்பு என்பதால், தள்ளிப்போடுவதில்லை.